அரிச்சல்முனையில் தெரிவது இலங்கையா?

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் 2017-இல் சாலை வந்தது. இப்போது அந்த முனையில் ஒரு மணி நேரம் நின்றால் ஒரே வாக்கியம் பத்துத் தடவையாவது காதில் விழும்: "அதோ பாரு, இலங்கை." அப்பா மகனைத் தோளில் தூக்கிக் காட்டுவார். மகன் "எங்கப்பா?" என்பான். பக்கத்தில் நிற்பவர் "அது மேகங்க" என்பார். இன்னொருவர் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "மரம்கூடத் தெரியுது" என்பார். எல்லோருக்கும் ஒரே கடல், ஒரே திசை, ஒரே வெளிச்சம்தான்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் "சரி விடுங்க, அவங்கவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படி" என்று முடியும். கேட்க நல்ல மனதாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. அந்தப் பழுப்புக் கோடு என்ன என்பதற்கு விடை இருக்கிறது; அது பார்ப்பவரைப் பொறுத்து மாறாது.

கணக்கு எளிது. கடல்மட்டத்திலிருந்து கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கிடைக்கும். மணலில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருடைய தொடுவானம் நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் உள்ளதைப் பூமியின் வளைவு மறைக்கும். உயரமானதாக இருந்தால் உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும். தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, தாழ்வான கரை. அங்கே 20 மீட்டர் உயரத்தில் ஒரு பனை நிற்பதாக வைத்துக்கொண்டாலும், அதன் கொண்டை தெரிய நாம் 20 கிலோமீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டும். ஆகவே சாதாரண நாளில் முனையில் நின்று இலங்கைக் கரையைப் பார்க்க வழியில்லை. தெரிவது பெரும்பாலும் சேதுவின் மணல்திட்டுகளில் ஒன்று. முனைக்கு அப்பால் கடலில் வரிசையாகக் கிடக்கின்றனவே, அவைதான்.

'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு. கடலை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதன் மேலே உள்ள காற்று சூடாகவும் இருக்கும் சில நாட்களில், ஒளி பூமியின் வளைவை ஒட்டியே வளைந்து வரும். தொடுவானத்துக்குக் கீழே கிடக்கிற கரை அன்றைக்கு மேலே தூக்கினாற்போலத் தெரியும். அப்படி ஒரு நாளில் பார்த்தேன் என்கிறவரைப் பொய் சொல்கிறார் என்று தள்ள முடியாது.

பார்வை ஆளுக்கு ஆள் மாறுவதுதானா, அல்லது உள்ளதை உள்ளபடி யாராலும் பார்க்க முடியுமா? பழைய கேள்வி. இதில் வேறு வேறு சங்கதிகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம் என்பது என் எண்ணம். அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தால், 'ஆளுக்கொரு உண்மை' என்கிற பேச்சு செல்லுபடியாகும் இடம் நாம் நினைப்பதைவிடச் சின்னது. 'என் கண்ணால் பார்த்தேன், அப்புறம் என்ன?' என்கிற பேச்சும் அதே அளவுக்குப் பலவீனமானது.

ஒளி வளைந்தால் கண் என்ன செய்யும்

வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், உட்கார்ந்து துடுப்பைத் தண்ணீரில் விட்டால், நீர்மட்டத்தில் அது ஒடிந்தாற்போல் தெரியும். கண் ஏமாற்றும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் இது. இதில் கண்ணின் குற்றம் எதுவும் இல்லை. கேமராவில் எடுத்தாலும் துடுப்பு ஒடிந்துதான் விழும். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி திசை மாறுகிறது; கண் தனக்கு வந்து சேர்ந்ததைச் சரியாகவே வாங்கிக்கொள்கிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. மேலிருந்து நேராகப் பார்த்தால் நாலடி ஆழம் மூன்றடியாகத் தெரியும். மீனைக் குத்திப் பிடிக்கிறவர், மீன் தெரியும் இடத்தில் குத்தமாட்டார், அதற்குக் கொஞ்சம் கீழே குத்துவார். விதியின் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை, கை கற்றுவைத்திருக்கிறது. முகக்கண்ணாடி போட்டு சங்கு குளிக்கிறவருக்கும் இதே கதைதான். கண்ணாடிக்குள் காற்று, வெளியே தண்ணீர்; சங்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் சற்றுக் கிட்டத்திலும் தெரியும்.

அக்னி தீர்த்தத்தில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்கள் இன்னும் பெரிய விஷயம் ஒன்றைப் பார்க்கிறார்கள். சூரியன் முழு வட்டமாகக் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கிற அந்தக் கணத்தில், நேர்கோட்டுக் கணக்குப்படி சூரியன் இன்னும் தொடுவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. தொடுவானத்தின் அருகே காற்று மண்டலம் ஒளியை அரை பாகைக்குச் சற்று அதிகமாக வளைக்கிறது. சூரியனின் அகலமும் வானத்தில் அரை பாகைதான். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி 8 நிமிடம் 20 விநாடி ஆகியும் விட்டது. இத்தனையிலும் பார்ப்பவரின் மனதுக்கோ ஊருக்கோ வளர்ப்புக்கோ ஒரு பங்கும் இல்லை. யார் போய் நின்றாலும் இதே காட்சிதான், இதே அளவுதான். தோற்றம் ஒன்று, இருப்பு வேறு என்பது நிஜம். அதனால் தோற்றம் ஆளுக்கு ஆள் மாறும் என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதி விவாதம் வீணாகப் போகிறது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி தவறும் கண்

அடுத்த வகை, கேமரா செய்யாத தவறு. பௌர்ணமி அன்று ராமேஸ்வரம் கரையில் நிலா எழும்பும்போது தாம்பாளம் அளவுக்கு இருக்கும். ஆறு மணி நேரம் கழித்து உச்சிக்கு ஏறியதும் சின்னதாகிவிடும். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், இரண்டு வேளையும் ஒரே அளவுதான். படம் எடுத்தாலும் ஒரே அளவுதான் வரும். 11-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-ஹைதம் இது தூரத்தைப் பற்றி மனம் போடும் கணக்கால் வருவது என்ற திசையில் விளக்கினார். அதன் முழுக் காரணம் குறித்து அறிவியலாளர்கள் இன்றைக்கும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நிலா வளரவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஒரு சோதனை செய்யலாம். கால்வாயில் நீரோட்டம் வேகமாக ஓடும் நேரத்தில், கீழே ஓடும் தண்ணீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் கண் எடுக்காமல் பாருங்கள். பிறகு பார்வையை ரயில் பாலத்தின் தூணுக்கு மாற்றுங்கள். தூண் எதிர்த்திசையில் நகர்வதுபோல் இருக்கும். இடம் மாறாமல் நகரும், அதுதான் விசித்திரம். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஓர் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தபோது இதையே கண்டு எழுதிவைத்தார். ஒரு திசை அசைவை உணரும் நரம்பணுக்கள் ஓய்ந்துபோனதும், எதிர்த்திசைக்கானவற்றின் கை ஓங்கிவிடுகிறது.

இன்னொன்று வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கட்டைவிரல்களையும் முகத்துக்கு நேரே முழுக் கைநீளத்தில் சேர்த்து நிறுத்துங்கள். இடது கண்ணை மூடுங்கள். வலது கண் இடது கட்டைவிரலையே பார்க்கட்டும். வலது கட்டைவிரலை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிப் போனதும் அதன் நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் அணுக்கள் கிடையாது. எல்லோருக்கும் கண்ணில் அந்த ஓட்டை இருக்கிறது. ஆனால் நாம் யாரும் ஓட்டையைப் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள மணலையோ வானத்தையோ கொண்டு மூளை அதை ஒட்டுப்போட்டுவிடுகிறது.

இதையெல்லாம் சொல்லி, "பார்த்தீர்களா, எல்லாம் மனதின் படைப்பு" என்று முடிக்கிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். ஓட்டை இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரிந்தது? அதே கண்ணை வைத்துத்தான், விரலை நகர்த்திச் சோதித்துத்தான். நிலா வளரவில்லை என்று சொன்னதும் சுண்டுவிரல்தான். பிழையைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதே, பிழையில்லாத ஒன்றோடு ஒப்பிட நமக்கு வழி இருக்கிறது என்பதற்குச் சாட்சி. இந்தப் பிழைகள் மனித இனத்துக்கே பொதுவானவை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆளுக்கொரு நிலா எழும்புவதில்லை.

நிறம் மட்டும் கொஞ்சம் வேறு. ஆளைப் பொறுத்ததுதான் பார்வை என்பவர்களின் கட்சி பலமாக நிற்கும் இடம் அதுதான். சங்கரா மீன் படகில் வந்து விழும்போது நல்ல சிவப்பு. அதே மீன் இருபது மீட்டர் ஆழத்தில் மங்கிய சாம்பல் நிறமாகத் தெரியும், ஏனென்றால் தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சிவிடுகிறது. சிவப்பு பச்சை பிரித்தறியாத கண் உள்ளவருக்குப் படகிலும் அது வேறு நிறம். அப்படியென்றால் சங்கராவின் உண்மையான நிறம் எது? நிறம் என்பது ஒளி, தோல், கண் மூன்றும் சேரும் இடத்தில் உண்டாவது. மீனை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும் அந்தத் தோல் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பது படகிலும் ஆழத்திலும் ஒன்றுதான். யாரும் பார்க்காத இருட்டிலும் அந்தத் தன்மை மாறாது. பார்ப்பவரைச் சேர்த்துக்கொண்டுதான் சில சங்கதிகளைச் சொல்ல முடியும் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதைப் பார்ப்பவரின் இஷ்டம் என்று ஆக்குவதைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

பாசிச் சாக்கு

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பெரிய பாடம் கிடைத்தது பாம்பன் பக்கத்தில், பாசி எடுக்கும் ஓர் அக்காவிடம். கண்ணாடி போட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூழ்கி மூழ்கிப் பாசி பறிக்கிறவர். கரையில் சாக்கைக் கவிழ்த்தார். என் கண்ணுக்குப் பழுப்பும் பச்சையுமாக ஒரே குவியல், ஈரம், நாற்றம். அவர் பேசிக்கொண்டே கையால் பிரித்துப் போட்டார்: இது மரிக்கொழுந்து, இது கஞ்சிப்பாசி, இது கட்டக்கோரை, இது பக்கோடா. பார்க்கக்கூட இல்லை, பாதி நேரம் விரலே பிரித்தது.

"இதுல என்னக்கா வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"நெசமாவே தெரியலையா தம்பி, இல்ல என்னையச் சோதிக்கிறீங்களா?" என்றார்.

அவரால் நம்ப முடியவில்லை. அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது அவருக்கு. எனக்கோ நிஜமாகவே தெரியவில்லை. இரண்டு பேரும் நல்ல கண் உள்ளவர்கள், ஒரே குவியலை ஒரே வெயிலில் பார்த்தோம். பார்வை ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை என்று முதலில் தோன்றும். பிறகு யோசித்தால் கதை வேறு பக்கம் போகிறது. அவர் பிரித்த மரிக்கொழுந்தைக் காய்ச்சினால் அகர் கிடைக்கும். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் உறைந்து நிற்கும் 'கடல்பாசி' இனிப்புக்கு அந்த அகர்தான் சரக்கு. கட்டக்கோரையைக் காய்ச்சினால் அப்படி உறையாது. அதிலிருந்து எடுப்பது ஆல்ஜினேட், அது வேறு சரக்கு, வேறு வேலை. தாவரவியலாளர்களும் அவற்றைத் தனித்தனி இனங்களாகவே பிரித்திருக்கிறார்கள். ஆக, அக்காவின் பிரிவினை அவர் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை. வித்தியாசம் பாசியில் இருக்கிறது. அவர் பார்த்தார், நான் பார்க்கவில்லை. இரண்டும் சமமான இரண்டு பார்வைகள் என்று சொன்னால், அவர் வருஷக்கணக்கில் மூழ்கிக் கற்றுக்கொண்டதை ஒன்றுமில்லாமல் ஆக்குவதாகும். அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

இதற்குப் பக்கத்தில் வைக்க ஓர் ஆய்வு இருக்கிறது. தாய்லாந்தின் மேற்குக் கடலில் வாழும் மோக்கென் மக்களின் பிள்ளைகள் கண்ணாடி இல்லாமலே தண்ணீருக்கடியில் சின்னச் சின்னப் பொருட்களைப் பார்த்து எடுக்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லென் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீருக்கடியில் அந்தப் பிள்ளைகளின் பார்வை ஐரோப்பியப் பிள்ளைகளுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கூர்மையாக இருந்தது. மூழ்கியதும் கண்மணியை நன்றாகச் சுருக்கி, வில்லையையும் கிட்டப் பார்வைக்கு ஏற்ப வளைத்துக்கொள்கிறார்கள். பிறவி வரம் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் அதே குழு பிறகு ஐரோப்பியப் பிள்ளைகளுக்குச் சுமார் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் அது வந்துவிட்டது. மேலாகப் பார்ப்பது என்று ஒன்று உண்டு, அதைக் கற்றுக்கொள்ளவும் முடியும்.

பெயர் காட்டுவதும் மறைப்பதும்

பெயர் தெரிந்தால் கூடுதலாகத் தெரியும் என்று பாசிக் குவியல் சொல்கிறது. எதிர் உதாரணமும் இதே கரையில் இருக்கிறது. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வது இங்கே வழக்கம். ஒரு பக்கம் குளம்போலக் கிடக்கும், மறுபக்கம் இரைந்து அடிக்கும். ஆனி, ஆடியில் வந்து பார்த்தவருக்கு இது கண்கூடு. கார்த்திகை, மார்கழியில் வாடை வீசும்போது வந்து பாருங்கள்: பெண் கடல் கொந்தளிக்கும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். தொழிலுக்குப் போகிறவர்கள் காற்று மாறினால் பக்கத்தை மாற்றிக்கொள்வார்கள். ஒரே தடவை வந்துபோகும் பயணி, பெயரைக் கேட்டுவிட்டு அந்தப் பெயரையே கடலில் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் கண்டது அந்தப் பருவத்துக்கு உண்மைதான். ஊருக்குப் போய் அதையே கடலின் குணம் என்று சொல்லும்போதுதான் தவறு நுழைகிறது.

கடல் உள்வாங்குவதும் அப்படித்தான். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே நெடுந்தூரம் தரை தெரியும், நாட்டுப்படகுகள் தரைதட்டி நிற்கும். 2004-க்குப் பிறகு, அந்தக் காட்சியைப் பார்த்த உடனே வெளியூர்க்காரர்களின் கண்ணுக்குச் சுனாமிதான் தெரிகிறது. கரைக்காரர்கள் அதில் காற்றையும், நீர் ஏறி இறங்கும் ஓதத்தையும் பார்க்கிறார்கள். வெளியூர்க்காரரின் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்; அந்த ஆண்டு நடந்ததைக் கண்ட யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் காட்சியையும், காட்சியிலிருந்து ஊகித்ததையும் ஒன்றாக்கி "கடல் சுனாமிக்காக உள்ளே போவதைப் பார்த்தேன்" என்று சொல்லும்போது, பார்த்தது பாதிதான்.

மணிமேகலை நின்று கேட்ட சண்டை

இந்தப் பிரிவினையைத் தமிழில் பெயர் சொல்லியே பேசியிருக்கிறார்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அறிவு எந்த வழியாக வருகிறது என்பதை அளவை என்பார்கள். காண்டல் ஓர் அளவை, கருதல் இன்னொன்று. கண்ணால் பெறுவது முன்னது, அதைக்கொண்டு ஊகிப்பது பின்னது. அங்கே பேசும் அளவைவாதி, பிழையான அறிவு எட்டு என்று வகைப்படுத்துகிறார். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரியக்கோடல். அதற்கு அவர் தரும் உதாரணத்தை இந்தக் கரையில் நின்று படித்தால் மெய்சிலிர்க்கும்: "விரிகதிர் இப்பியை வெள்ளி என்று உணர்தல்". மணலில் மின்னும் சிப்பியை வெள்ளி என்று எடுப்பது. முத்து குளித்த கடலோரத்தில் இந்தத் தவறைச் செய்யாத சிறுவன் இருக்கமாட்டான். நிற்பது கட்டையோ ஆளோ என்று மயங்குவது ஐயம். ஆராயாமலேயே ஆள்தான் என்று தீர்மானித்துவிடுவது தேராது தெளிதல். புலி வருவதைக் கண்டும் அறியாமல் இருப்பது கண்டுணராமை. கண் முன்னால் இருப்பதைப் பார்த்தும் பாராமல் போவதைக்கூட அறிவின் பிழைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பாசிக் குவியலின் முன்னால் நான் நின்ற நிலைக்கு அதுதான் பெயர்.

நூலில் எனக்கு அதைவிடப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த எட்டுப் பிழைகளில் முதலாவது சுட்டுணர்வு: 'ஏதோ இருக்கிறது' என்ற அளவில் மட்டும் பார்ப்பது. இரண்டு காதை தள்ளி, 29-இல், அறவண அடிகள் பௌத்த அளவையை விளக்கும்போது அதே சுட்டுணர்வு சரியான காட்சியாக வந்து நிற்கிறது. பெயர், இனம், குணம், செயல் என்று நாம் மேலே ஏற்றுவதையெல்லாம் நீக்கிவிட்டால் மிஞ்சும் வெறும் காணல் எதுவோ, அதுதான் உண்மையான காட்சி என்கிறது பௌத்தம். ஒரு கட்சிக்குப் பிழை, மறு கட்சிக்கு அதுவே பிழையற்றது. நம்முடைய கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது: பெயர் சேராமல் பார்ப்பது சரியான பார்வையா, முழுமையடையாத பார்வையா?

பௌத்தர் சொல்வதன் பலம் எனக்குப் புரிகிறது. ஆண் கடல் என்ற பெயரை இறக்கிவைத்தால்தான் அடங்கிக் கிடக்கும் தென்கடல் கண்ணில் படும். இருந்தாலும் நான் அக்காவின் பக்கம்தான். பெயர்களை எல்லாம் உதறிவிட்டு அந்தக் குவியலைப் பார்த்தவன் நான். எனக்குக் கிடைத்தது ஈரமும் நாற்றமும். பெயர் மறைக்கவும் செய்யும், காட்டவும் செய்யும். எந்தப் பெயர் எதைச் செய்கிறது என்பதைக் கடலிலும் அடுப்பிலும் வைத்துச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சேது ராமர் கட்டியதா, இயற்கையாக உண்டானதா என்ற சண்டையிலும் இந்தக் காண்டல், கருதல் பிரிவு உதவும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் திட்டுகளின் தொடர் தெளிவாகத் தெரிகிறது. ஆழம் குறைந்த இடம் எது என்பதைப் படம் காட்டும். அது எப்படி உண்டாயிற்று, எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது படத்தில் இல்லை; அதற்கு மண்ணையும் பவளத்தையும் எடுத்து ஆராய வேண்டும். 'படத்தில் தெரிகிறது' என்று இரண்டு தரப்பாரும் சொன்னபோது, இருவருமே கருதலைக் காண்டல் என்று பேசினார்கள். வழிபடுகிறவர்களுக்கு அந்தப் படம் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

இரண்டு அடையாளம்

சரி, உள்ளதை உள்ளபடி பார்ப்பது எப்படித்தான் நடக்கிறது? ஜி.பி.எஸ். வருவதற்கு முன் நடுக்கடலில் ஒரு பாரை, அதாவது நீருக்கடியில் உள்ள பாறைத்திட்டை, எப்படித் திரும்பக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்றாக நேர்க்கோட்டில் நிறுத்துவார்கள்: முன்னால் ஒரு பனங்கூட்டம், பின்னால் ஒரு கோபுரம். படகு அந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அப்புறம் வேறு திசையில் இன்னும் இரண்டை நிறுத்துவார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலை இறங்கும். பார் கண்ணுக்குத் தெரியவே இல்லை, ஆனால் இருக்கும் இடம் தவறவில்லை. ஒரு கோடு மட்டும் எத்தனை தெளிவாக இருந்தாலும் போதாது. இரண்டாவது கோடு முதலாவதிலிருந்து விலகிய திசையில் இருக்க வேண்டும்; பக்கத்திலேயே இன்னொன்று எடுத்தால் பயனில்லை.

ராமேஸ்வரம் தொலைக்காட்சி கோபுரம் 323 மீட்டர். கடலுக்குள் போகப் போக முதலில் கரை மறையும், பிறகு வீடுகள், பிறகு பனைகள், கடைசியில் அந்தக் கோபுரத்தின் நுனி. காற்று தெளிவாக இருந்தால் 60 கிலோமீட்டர் தாண்டியும் நுனி நிற்க வேண்டும் என்று அரிச்சல்முனையில் போட்ட அதே கணக்கு சொல்கிறது. ஒவ்வொரு தூரத்திலும் படகில் இருப்பவருக்கு வேறு வேறு ராமேஸ்வரம் தெரிகிறது. எதுவும் பொய்யில்லை. எந்த இடத்திலிருந்து எது தெரியும் என்று சொல்ல முடிவதால்தான், தெரிவதை வைத்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று அவரால் சொல்ல முடிகிறது. காட்சி நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பது அவருக்கு இடைஞ்சலாக இல்லை. அதுதான் அவருக்குத் திசைகாட்டி.

ஒன்றை விட்டுவிட முடியாது. இதே கடலில் 1974-இலும் 1976-இலும் இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டு ஒரு எல்லைக்கோடு வரைந்தன. அந்தக் கோட்டை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒன்றுதான், மீனும் அப்படித்தான். பாறையைப் போலவோ பாசியைப் போலவோ அது அங்கே இல்லை, மனிதர்கள் ஒத்துக்கொண்டதால் இருக்கிறது. ஆனாலும் ஜி.பி.எஸ். திரையில் அதைத் தாண்டினால் படகு பறிபோகும், ஆள் சிறைக்குப் போவார். மனதால் ஆனது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது என்பதை இந்தக் கரைக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோட்டை மாற்ற வேண்டுமென்றால் மனிதர்கள் கூடிப் பேசி மாற்றலாம். திட்டையும் ஓதத்தையும் அப்படி மாற்ற முடியாது.

போன மாசியில் மறுபடி அரிச்சல்முனைக்குப் போயிருந்தேன். ஒரு குடும்பம் வழக்கம்போல் இலங்கையைக் காட்டிக்கொண்டிருந்தது. கரைவலைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போய், "ஐயா, அது இலங்கைதானே?" என்று அந்த வீட்டுப் பெண் கேட்டார்.

"அது திட்டும்மா. ஓதம் ஏறுனா பாதிய முழுங்கிரும்" என்றார் அவர். பிறகு கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, கையை அந்தக் கோட்டிலிருந்து விலக்கி, ஒன்றுமே தெரியாத வெறும் கடலைக் காட்டினார். "இலங்கை அந்தா இருக்கு. இங்கன நின்னா தெரியாது. ராத்திரி கடலுக்குள்ள போனா வெளிச்சம் தெரியும்."

அந்தப் பெண் அவர் காட்டிய பக்கம் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.